நிக்கனோராவின் முறை

அந்த மலையில் நிக்கனோரா ஜெயித்துக் காட்டியவற்றை வரிசையாகச் சொன்னால் சிலர் நம்பமாட்டார்கள். இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். புருஷன் போன பிறகும் அவனுடைய கோவேறு கழுதைகளில் ஒன்றைக்கூட அவள் விற்கவில்லை. மொத்தம் ஆறு. ஏழு என்று சொல்கிறவர்கள் அக்கா தெக்லாவின் சாம்பல் நிறக் கழுதையையும் சேர்த்து எண்ணுகிறார்கள், அது தப்பு. பள்ளத்தாக்குக்கு இறங்கும் பாதையில் இரண்டு கழுதைகளின் உயிரைக் குடித்த ஒரு வளைவை, கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்த் தனியாகவே இடித்து அகலப்படுத்தினாள். அதை யார் செய்தது என்று இன்றைக்கு அந்த வழியில் இறங்குகிற ஆண்கள், மலையைச் சுற்றிப் பார்க்க வரும் விருந்தாளிகளிடம் சொல்வதில்லை. கழுதை உதைத்து விலா எலும்பு விரிசல் விட்டுப்போன நிலையில், வந்தவர்களைப் பழங்காலக் குகை ஓவியங்கள் வரைக்கும் கூட்டிப்போய்ப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் படுத்தாள். மழையே பெய்யாத வருஷங்களில் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டு கடற்கரைத் தக்காளித் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனபோது, அவளுடைய லா பால்மித்தா பண்ணையில் மட்டும் அடுப்பு அணையவில்லை.

இதெல்லாம் அவள் ஜெயித்தது. கையை விட்டுப் போகப் பார்த்தது ஒன்று உண்டு. அது அவளுடைய முறை.

மலைக்கு வருகிறவர்களைக் கழுதைமேல் ஏற்றிக் கூட்டிப்போகிற வேலை அங்கே முறை வைத்துத்தான் நடக்கும். ஒரு தடவை ஒரு பண்ணை, அடுத்த தடவை அடுத்த பண்ணை. முறை ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் பல மாதம் ஆகிவிடும். ஆடு பால் வற்றிப்போகிற வருஷத்தில் ஒரு குடும்பத்தை மலையில் பிடித்துவைப்பது அந்த ஒரு முறைதான். அதை விட்டவர்கள் கொஞ்ச நாளில் பாத்திரம் பண்டத்தைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கிவிடுவார்கள்.

நிக்கனோராவின் புருஷன் எலாடியோவுக்குக் குடல்வால் வெடித்தது. போர்வையில் கட்டித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சாலைக்கு வந்து சேருவதற்குள் போய்விட்டான். ஒன்பது நாள் ஜெபம் முடிந்த அதே வாரம் பண்ணையின் முறை வந்தது. எலாடியோவின் தம்பி ஒடிலோன் வாசலில் வந்து நின்றான்.

"மதினி, இந்தத் தடவை நான் கூட்டிட்டுப் போறேன். நீங்க அழுது முடிங்க."

"அழுறதுக்கு ராத்திரி இருக்கு. கழுதைக்குத் தண்ணி காட்டியாச்சு. வழியை விடு."

"பொம்பள முன்னால போனா வர்றவங்க என்ன நெனப்பாங்க?"

"வழி தெரிஞ்சவ போறான்னு நெனப்பாங்க."

ஒடிலோன் நேரே கசிமிரோ பெரியவரிடம் போய்ச் சொன்னான். வழிகாட்டிகளுக்குள் வழக்கு என்று வந்தால் தீர்த்துவைப்பவர் அவர்தான். தோல் வார் அறுத்துக்கொண்டிருந்த பெரியவர் தலையைத் தூக்கவில்லை. "முறை பண்ணைக்குன்னுதான் பேசி வச்சிருக்கோம். மீசைக்குன்னு பேசல" என்றார். அதோடு அந்தப் பேச்சு அடங்கியது.

ஒன்று மட்டும் பாக்கி. ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் கீழே சான் இக்னாசியோ ஊரிலுள்ள அலுவலகத்துக்குப் போய், இந்த விருந்தாளிகளுக்கு நான் பொறுப்பு என்று ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். நிக்கனோராவுக்கு எழுதத் தெரியாது. மலைமேலிருந்த விடுதிப் பள்ளிக்கூடத்தில் மூத்தவள் தெக்லாவுக்கு மூன்று வருஷம் கிடைத்தது. இளையவளுக்கு ஆடு கிடைத்தது. ஊருக்குப் போக ஒடிலோனின் பழைய லாரியை விட்டால் வேறு வழியும் இல்லை. "அதுக்கென்ன மதினி, நான் போட்டுடுறேன்" என்று அவன் போட்டான். கள்ளமில்லாமல்தான் போட்டான். நாலு வருஷம் அப்படியே நடந்தது. நிக்கனோராவும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. பாதையில் போகிறவள் தான்தானே என்று இருந்துவிட்டாள்.

வறட்சியின் மூன்றாம் வருஷத்தில்தான் அந்தக் காரியம் நடந்தது.

கோவேறு கழுதை மனுஷனை நம்பிப் பின்னால் வராது. கழுத்தில் மணி கட்டிய பெட்டைக் குதிரை ஒன்று முன்னால் போக வேண்டும். அந்த மணிச் சத்தம் எங்கேயோ கழுதைகள் அங்கே. தங்குமிடத்தில் கழுதைகளைக் கட்டக்கூடத் தேவையில்லை. குதிரை ஒன்றைக் கட்டினால் போதும், மற்றவை சுற்றியே மேயும். நிக்கனோராவின் பழைய மணிக்குதிரை அந்த வருஷக் கோடையில் எலும்பும் தோலுமாகிச் செத்துப்போயிற்று. மிச்சம் இருந்தது கனேலா என்கிற செவலைக் குதிரை. அதற்கு ஐந்து மாதக் குட்டி இருந்தது.

புறப்படுகிற அன்று காலையில் தெக்லா குதிரையின் வயிற்றுப் பக்கம் குனிந்து பார்த்தாள்.

"ஏட்டி, மடி இன்னும் வத்தலயே."

"அஞ்சு மாசக் குட்டிக்கா. புல்லு திங்க ஆரம்பிச்சு எத்தனை நாளாச்சு."

"எந்தப் புல்லு?"

"வாயக் கெளறாத. முறை வந்திருக்கு. குதிரை இல்லன்னு சொன்னா அடுத்த பண்ணைக்குப் போயிடும். அப்புறம் எப்ப வரும், ஈஸ்டருக்கா?"

"குட்டியையும் கூட்டிட்டுப் போ."

"அந்தச் சரிவுலயா? பள்ளத்துல மலைச்சிங்கம் சுத்துதுன்னு போன வாரந்தான் சொன்னாங்க. பட்டியில போட்டு அடை. நாலு நாள் கத்தும், அப்புறம் மறந்துரும்."

மழை பெய்கிற வருஷமாக இருந்திருந்தால் அவள் சொன்னது சரி. ஐந்து மாதத்தில் குட்டி பாலை மறந்து மேய்ச்சலுக்குப் போய்விடும். ஆனால் அந்த வருஷம் மலையில் பச்சை என்று எதுவும் கிடையாது. கள்ளியின் முள்ளைத் தீயில் பொசுக்கி அறுத்துப் போட்டுத்தான் ஆடுகளையே காப்பாற்றினார்கள். குட்டிக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறு கதியில்லை. நல்ல வருஷத்துக் கணக்கை நிக்கனோரா கெட்ட வருஷத்தில் போட்டுவிட்டாள்.

விருந்தாளிகள் மூன்று பேர். குவாதலஹாரா நகரத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற இஞ்சினியர் ஒருவர், அவர் மகள், மருமகன். இஞ்சினியருக்கு முழங்கால் சரியில்லை. ஆனால் வாய் ஓயாது.

"ஏம்மா, இந்தக் கழுதைக்கு என்னையப் பிடிக்கலையோ? திரும்பித் திரும்பிப் பாக்குதே."

"அதுக்கு யாரையும் பிடிக்காதுங்கய்யா. மனசுல வச்சுக்காதீங்க."

வழியில் ஒரு பண்ணையில் இறங்கி, காபி குடித்து, ஆட்டுப்பாலில் சீஸ் பிழிவதை விருந்தாளிகளுக்குக் காட்டுவது வழக்கம். அன்றைக்குப் பிழிய அங்கே பால் இல்லை. வீட்டுக்காரி வெறும் மர அச்சை எடுத்துவந்து, இப்படி ஊற்றுவோம், இப்படி அழுத்துவோம் என்று காற்றை அழுத்திக் காட்டினாள். மகள் அதைப் படம் எடுத்துக்கொண்டாள். நிக்கனோரா காபியைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். கனேலா வந்த வழியைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தது.

சாயங்காலம் பள்ளத்தாக்கின் அடியில், சுனைக்குப் பக்கத்தில் இறங்கினார்கள். சேணத்தைக் கழற்றும்போது குதிரையின் மடியிலிருந்து பால் கல்லில் சொட்டியதை நிக்கனோரா பார்த்தாள். அத்தனை தூரம் இறங்கியாயிற்று, இனி என்ன செய்ய? கருவேல மரத்தில் தோல் கயிற்றை இரட்டையாகச் சுற்றிக் கட்டினாள். கோதுமை ரொட்டி சுட்டு, உப்புக்கண்டம் வறுத்து எல்லோருக்கும் போட்டாள். நாளைக்குக் குகையில் என்னென்ன பார்க்கலாம் என்று இஞ்சினியர் கேட்டுக்கொண்டே இருந்தார். மனுஷ உருவம் பாதி சிவப்பு, பாதி கறுப்பாக இருக்கும், கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் என்றாள்.

காலையில் கண்ணைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. மணிச் சத்தம் இல்லை. மரத்தில் அறுந்த கயிறு தொங்கியது. கழுதைகளில் ஒன்றுகூட இல்லை. குட்டியைத் தேடித் தாய் போய்விட்டது. அதன் பின்னாலேயே எல்லாம் ஏறிப் போய்விட்டன.

"போன்னு ஏதாவது இருக்கா இங்க?" என்று மருமகன் கத்தினான். "நாங்க எப்படி மேல போறது?"

"நான் போய்க் கொண்டாந்துடுறேன்."

"எங்களத் தனியா விட்டுட்டா? பொறுப்பான ஆளுன்னு சொல்லித்தானே அனுப்பினாங்க!"

வந்தவர்களைத் தனியே விட்டுப் போகக் கூடாது என்பது வழிகாட்டிகளின் முதல் கட்டுப்பாடு. இஞ்சினியரால் அந்த ஏற்றத்தில் கால்வாசிகூட ஏற முடியாது. அவர்களோடு உட்கார்ந்தால் யாரும் தேடி வரப்போவதும் இல்லை. நிக்கனோரா ரொட்டியையும் உப்புக்கண்டத்தையும் மகள் கையில் கொடுத்தாள்.

"நெழல விட்டு வெளிய வராதீங்க. சுனைத் தண்ணியக் காய்ச்சிக் குடிங்க. குகைக்கு மட்டும் தனியா ஏறாதீங்க. ஐயா, உங்களத்தான் சொல்றேன்."

"போயிட்டு வாம்மா" என்றார் இஞ்சினியர், சின்னப் பிள்ளை மாதிரி தலையாட்டிக்கொண்டு.

பாதி ஏற்றத்தில் மேலிருந்து மணிச் சத்தம் இறங்கி வந்தது. ஒடிலோன் மணி கட்டிய தன்னுடைய குதிரையில் முன்னால் வர, அவளுடைய கழுதைகள் பின்னால் வரிசையாக வந்தன. அவன் பண்ணை வேலியை ஒட்டித்தான் பாதை போகிறது; அவன் குதிரையின் மணி கேட்டுக் கழுதைகள் அங்கே நின்றுவிட, கனேலா மட்டும் குட்டியிடம் போயிருந்தது.

"மதினி, உங்க கழுதைங்களுக்கு என் மேல திடீர்னு பாசம் வந்துருச்சு. விடியறதுக்குள்ள வாசல்ல வந்து நிக்குதுங்க."

"சிரிச்சு முடிச்சிட்டியா? கீழ மூணு பேரு இருக்காங்க."

அவன் சிரிப்பு நின்றது. "தனியாவா விட்டுட்டு வந்தீங்க?"

அவள் கழுதை ஒன்றின் பிடரியைப் பிடித்து, சேணமில்லாமலே ஏறி உட்கார்ந்தாள்.

அவர்கள் கீழே போனபோது இஞ்சினியர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இவ்வளவு தூரம் வந்து பார்க்காமல் போவதா என்று குகைப் பக்கம் ஏறியிருக்கிறார். கால் வைத்த கல் உருண்டு, கீழே விழுந்து கை முறிந்துவிட்டது. மருமகன் பேச்சில் மரியாதை போயிருந்தது. நிக்கனோரா காய்ந்த கற்றாழைத் தண்டை வெட்டிப் பிளந்து கையில் வைத்துக் கட்டினாள். ஏறுகிற வழி முழுக்க ஒவ்வொரு வளைவிலும் கிழவர் முனகியது அவள் காதில் அறைந்தது.

மருமகன் சான் இக்னாசியோவில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் ஊருக்குப் போனான். பொறுப்பாளி யார் என்று பார்த்தார்கள். ஒடிலோனின் கையெழுத்து இருந்தது. அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பொழுது சாயும்வரை கேள்வி கேட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கசிமிரோ பெரியவர் வீட்டுப் பனையோலைப் பந்தலில் வழிகாட்டிகள் கூடினார்கள். எல்லோரும் ஆண்கள். நிக்கனோராவும் தெக்லாவும் பந்தக்காலுக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

ஒடிலோன்தான் ஆரம்பித்தான். "தப்பு இவங்க கை, மாட்டினது என் கை. திருடனக் கேக்கிற மாதிரி கேட்டாங்க மாமா. நான் மதினியை விரோதமா நெனக்கல. முறையை என் பண்ணையோட சேத்துருங்க. மதினி வந்து சமைக்கட்டும். கிடைக்கிறதுல பங்கு குடுத்துடறேன். எங்கண்ணன் பிள்ளைங்களுக்கு நான் வயித்துல ஈரத்துணி போட மாட்டேன்."

"சமைக்கவா?" என்றாள் தெக்லா. "உன் பொண்டாட்டி சமையல்ல அவ்வளவு குறையா?"

ஒருவன் சிரித்தான். பெரியவர் கையைக் காட்டி அடக்கினார்.

"நிக்கனோரா, ஒண்ணு சொல்றேன், கேளு தாயி. எலாடியோ போனதுக்கப்புறம் ஆபீஸ் ஏட்டுல இருக்கிறது பூரா ஒடிலோன் கையெழுத்து. நாளைக்கு யாராச்சும் கேட்டா, லா பால்மித்தாவுக்கு முறையே இல்ல, இவனுக்குத்தான் ரெட்டை முறைன்னு ஆகிப்போகும். உன் பேரு எங்கயுமே இல்ல."

நாலு வருஷம் அந்தப் பாதையில் நிக்கனோரா போய் வந்ததற்கு ஒரு சாட்சியும் இல்லை. கீழே அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு, இத்தனை நாளும் ஒடிலோன்தான் போய் வந்திருக்கிறான்.

"நீ என்ன சொல்றே?" என்று பெரியவர் கேட்டார்.

"தப்பு என்னோடதுதான் மாமா. குட்டிக்குத் திங்கப் புல்லு இல்லங்கிறதை நான் நெனச்சுப் பாக்கல. பால் சொட்டுனதப் பாத்தேன். பாத்துட்டும் கயிறை நம்புனேன். அந்தப் பெரியவர் கை என்னாலதான் ஒடிஞ்சது. தண்டனை குடுங்க, வாங்கிக்கிறேன். ஆனா முறையைக் குடுக்க மாட்டேன். அடுத்தவங்க முறையில ரொட்டி சுடவும் மாட்டேன். அதுக்குக் கடற்கரைக்கே போயிடுவேன்."

பால்குட்டியைப் பிரித்துவிட்டுக் குதிரையை ஒரு தடவையாவது மணி கட்டி ஓட்டாதவன் அந்தப் பந்தலில் ஒருவனும் இல்லை. அவர்களுக்கு மழை பெய்த வருஷமாக அமைந்தது, அவ்வளவுதான்.

பெரியவர் தீர்ப்புச் சொன்னார். வருகிற சுற்றில் லா பால்மித்தாவுக்கு முறை கிடையாது. அதற்கடுத்த சுற்றில் உண்டு. ஆனால் இனி ஒருத்தருக்காக இன்னொருத்தர் கையெழுத்துப் போடுகிற வேலை மலையில் யாருக்கும் ஆகாது. யார் பாதையில் போகிறார்களோ அவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே எழுத வேண்டும். கட்டைவிரல் ரேகையும் கூடாது; விரலை யாரும் பிடித்து வைத்துவிடலாம். அந்த முறை வருகிற அன்றைக்கு நிக்கனோராவால் எழுத முடியாவிட்டால் முறை ஒடிலோனுக்கு.

"நாப்பது வயசுல பள்ளிக்கூடமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"முப்பத்தெட்டு" என்றாள் தெக்லா.

முறை இல்லாத அந்தக் காலத்தை எப்படிக் கடந்தார்கள் என்பது சந்தோஷமான கதை இல்லை. ஆடுகள் பாதிக்கு மேல் போயின. மூத்த மகள் எல்வீரா தக்காளி அடுக்கும் கொட்டகைக்குக் கூலிக்குப் போனாள். போகிறபோது, "முறை வந்ததும் வந்துடுறேம்மா" என்றாள். அங்கே போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை என்று நிக்கனோராவுக்குத் தெரியும். லாரி மறைந்த பிறகும் பட்டி வாசலில் நின்றபடியே இருந்தாள்.

தெக்லா அடுப்புக்கரியை எடுத்து, பதனிட்ட ஆட்டுத்தோலின் உள்பக்கத்தில் தங்கையின் பெயரை எழுதிக் காட்டினாள். நிக்கனோராவின் கை அதில் ஒரு கோட்டைக்கூட நேராக இழுக்க மறுத்தது. முரட்டுக் கழுதையை ஒற்றைக் கையால் நிறுத்துகிறவள், ஒரு கரித்துண்டை மூன்று தடவை ஒடித்துவிட்டாள்.

"மெதுவாப் பிடிடி. அது என்ன லகானா?"

"நிக்கனோராவோட நிறுத்திக்கக் கூடாதா? வில்லாவிசென்சியோ ஒஹேதான்னு இவ்வளவு நீளம் வச்சவங்கள என்ன பண்றது?"

"அப்பா பேரும் அம்மா பேரும்டி அது."

"ரெண்டு பேருக்குமே எழுதத் தெரியாது. அதான் துணிஞ்சு வச்சிட்டாங்க."

சிரித்துவிட்டு மறுபடி எழுதினாள். எழுத்து வராத நாட்களில் தோலைச் சுவரில் வீசி எறிந்துவிட்டு வெளியே போய்விடுவாள். தெக்லா அதை எடுத்து, துடைத்து, மறுபடி எழுதி வைப்பாள்.

செப்டம்பரில் புயலோடு மழை வந்தது. சுனைகள் நிரம்பின. நவம்பரில் முறை வந்தது.

சான் இக்னாசியோவுக்கு ஒடிலோனின் லாரியில்தான் போக வேண்டியிருந்தது. தெக்லாவும் கூட ஏறிக்கொண்டாள். பாதி வழியில் ஒடிலோன் திரும்பிப் பார்த்தான்.

"மதினி, எழுதறப்ப நடுவுல தப்பாயிட்டா?" என்றான் ஒடிலோன்.

"தப்பாயிட்டா முறை உனக்கு."

"அதத்தான் நானும் யோசிச்சிட்டு வர்றேன்."

அவன் குரலில் ஆசையா வெட்கமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவன் பண்ணையிலும் அந்த வருஷம் பஞ்சம்தான்.

அலுவலகத்தில் இருந்த பெண் நிக்கனோராவின் செருப்பையும் கையையும் பார்த்துவிட்டு, இரக்கப்பட்டு மைப்பெட்டியை முன்னால் நகர்த்தினாள். "விரல் வச்சாப் போதும்மா."

"வேணாம் தாயி. பேனா குடு."

முதல் பெயர் ஒழுங்காக வந்தது. அப்பா பெயரின் நடுவில் கை நின்றுவிட்டது. அடுத்த எழுத்து எது என்று மண்டைக்குள் எங்கும் கிடைக்கவில்லை. வியர்வை பேனாவில் இறங்கியது. பின்னால் நின்ற தெக்லா வாயைத் திறந்து, உடனே மூடிக்கொண்டாள். சொல்லிக்கொடுத்து எழுதினால் அது எழுதியதாகாது. பெரியவரிடம் ஒடிலோன் சொல்லாவிட்டாலும் தெக்லாவே சொல்ல வேண்டிவரும். ஒடிலோன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி நின்றான்.

நிக்கனோரா கண்ணை மூடினாள். ஆட்டுத்தோலில் எழுதிப் பழகிய மாதிரியே அவள் விரல் மேசையின் மரத்தில் மெல்ல ஒருமுறை ஓடியது. பிறகு பேனாவை எடுத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, அம்மா பெயர் முடியும் வரை எழுதினாள். எழுத்துகள் ஏறியும் இறங்கியும் கிடந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை, தெக்லா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முறை வந்ததும் வந்துவிடுவதாகச் சொன்ன எல்வீரா அன்றும் கடற்கரைக் கொட்டகையில்தான் இருந்தாள். அலுவலகப் பெண் அந்தக் கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதியைப் போட்டாள்: 2003 நவம்பர் 17, திங்கட்கிழமை.